இறங்கிய அம்மை எங்கே போகிறது?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு அம்மா, வலது விலாவைப் பொத்திக்கொண்டு வந்தார். முதலில் வெறும் எரிச்சல்தான். வாயு என்று நினைத்துப் பூண்டைச் சுட்டுத் தின்றிருக்கிறார். மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பியதும் அக்கி என்று காவி எழுதிக்கொண்டார். என்னிடம் வரும்போது கொப்புளம் வந்து ஐந்து நாள். காவியைத் துடைத்துப் பார்த்தேன். முதுகெலும்பருகே தொடங்கி நெஞ்சு வரை ஒரு பட்டை, ஒரே பக்கம்.

"சின்ன வயசில் அம்மை போட்டதாம்மா?"

"எட்டு வயசிலே போட்டுது டாக்டரே. அது அப்பவே இறங்கியாச்சே."

இறங்கியது முத்துதான். கிருமி உள்ளேயே தங்கிவிட்டது.

சின்னம்மை வைரஸ் மூச்சுவழி நுழைந்து, 10 முதல் 21 நாள் சத்தமில்லாமல் பெருகி, ரத்தம் வழியாகத் தோலுக்கு வருகிறது. முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்கு ஒட்டும்; எல்லாம் பொருக்குத் தட்டும் வரை ஒட்டும். அந்த நாட்களில் வேப்பிலை கட்டி ஆளைத் தனியே படுக்க வைக்கிற நம் ஊர் வழக்கம் நல்லதே. ஆனால் அதே வைரஸ் நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துவிடுகிறது. நம் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைக்கும். வயதாகும்போதோ, ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்துகளாலோ அந்தக் காவல் தளர்ந்தால், ஏதோ ஒரு முடிச்சில் விழித்து அந்த நரம்பைப் பிடித்தே வெளியே வரும். அதுதான் அக்கி. அதனால்தான் வலி முதலில், கொப்புளம் பிறகு. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும்.

கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். இவருக்குப் புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருந்ததால் தாமதமானாலும் கொடுத்தேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள், பார்வையே பாதிக்கப்படலாம். 50 வயதுக்கு மேல் அக்கிக்குத் தடுப்பூசி உண்டு: இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். விலை கூடுதல்தான். முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

"மக பிரசவத்துக்கு வந்திருக்கா. அவளுக்கும் அக்கி ஒட்டுமா?" என்று கேட்டார்.

அக்கி ஒட்டாது. ஆனால் அம்மை போடாதவர்களுக்கு, கொப்புள நீர் பட்டால் அம்மை வரலாம். மகளுக்குச் சிறுவயதில் போட்டதாம், சரி, ஆறுதல். இருந்தாலும் பொருக்கு உதிரும் வரை புண்ணை மூடியே வைக்கச் சொன்னேன்.

புண் ஆறி மூன்று மாதம் ஆகிறது. விலாவில் சேலை உரசினால் இன்னும் துடிக்கிறார். விடியற்காலை பால் வெட்டுக்கு இன்னும் போகவில்லை.