தண்ணீரை அள்ளிப் போனால் பதிலும் கொண்டுவர வேண்டும்

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் ஒரு காலை போத்தல்களில் நீர் எடுத்துக்கொண்டிருந்தேன். களப்பில் கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலைத் தொழில் செய்யும் ஐயா ஒருவர் கிட்ட வந்து நின்றார். "பிள்ளை, முந்தியும் ஆக்கள் வந்து தண்ணி எடுத்தவை. என்ன கண்டவை எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை."

அந்த முந்தைய ஆய்விலும் நான் வேலை செய்திருந்தேன். மூன்று வருடம் அளந்தோம். திட்டக் காசு முடிந்ததும் தரவுகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. நீருக்குள் இறக்கும் அளவுக்கருவி பழுதானது. திருத்தத் தெரிந்தவர் இங்கே இல்லாததால் இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது.

இலங்கையின் கடற்பரப்பு நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வெளிநாட்டுக் கப்பல்களையே பெரிதும் நம்பியிருக்கிறோம். 1978 முதல் 1980 வரை மீன்வளத்தை அளந்த நோர்வேயின் நான்சன் கப்பல் திட்டம் மறுபடி வந்தது 2018இல். 2024இல் அரசு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. சமபங்காளிகளாகச் சேர்ந்து ஆராயும் ஆற்றலை முதலில் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு வருடத்தில் வளர்கிற ஆற்றலா அது?

கப்பல் வேண்டும். அதைவிட, ஒரே இடத்தில் ஒரே முறையில் பத்து, இருபது வருடம் விடாமல் அளக்கும் ஆட்கள் வேண்டும் என்பேன். 2021இல் இரசாயனச் சரக்கோடு வந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் கடலில் எரிந்தது. அதனால் வந்த சேதத்தை நிறுவ, எரிவதற்கு முன் அந்தக் கடல் எப்படி இருந்தது என்ற கணக்கு தேவை. படகு கடலடியோடு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை வாரிக்கொண்டு போன கடலடிக்கும் இதே கதைதான். 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தோம், சரி. கடலடி தேறுகிறதா என்று அறிய முந்தைய அளவு இருந்தால்தானே முடியும்?

எங்கள் களப்பில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்று வளர்வது. ஓரிடத்தில் அளவுக்கு மீறி விட்டால் தீனி போதாது. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆழமில்லாத களப்பில் மாரி மழை கொட்டினால் அது சட்டென்று இறங்கும். அட்டையால் தாங்க முடியாது. ஆக, எந்த இடம் எந்த மாதத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் பண்ணைக்கு இடம் குறிப்பது, கடன்பட்டு முதல் போட்டவரின் தலையில்தான் விடியும். ஒரு தடவை அள்ளிய நீர் இதைச் சொல்லாது.

அப்புறம், ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கரையில் நிற்பவர் வாசிக்க வழியில்லை.

இப்போது நானும் இரண்டு மாணவர்களும் மாதம் ஒருமுறை அதே நான்கு இடங்களில் உவர்ப்பை அளக்கிறோம். அதற்குக் கையடக்கமான உவர்ப்புமானி போதும். அளவுகளைத் தமிழில் எழுதிக் கடற்றொழிலாளர் சங்கப் பலகையில் ஒட்டுகிறோம். போன மாரியில் அந்த ஐயா தாளை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ள வாய்க்கால் வந்து விழுற இடத்தை விட்டிட்டியள், பிள்ளை. அங்கையும் ஒருக்கா அளந்து பாருங்கோ."

அடுத்த மாதம் அதை ஐந்தாவது இடமாகச் சேர்த்தோம்.