தாடியை வளர்க்கும் ஓமோன் தலைமயிரை ஏன் மெலிய வைக்கிறது?

யாழ்ப்பாணத்துத் தின்னவேலியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டிருந்தார்: "மார்கழியில டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தன். இப்ப பங்குனி, தலை இழுத்தால் சீப்பு நிறைய மயிர். அப்பாவுக்கும் வழுக்கை. டெங்குவாலயா, கிணத்துத் தண்ணியாலயா, பரம்பரையா? மருந்து இருக்கோ?"

முதலில் டெங்கு. தலையில் சுமார் ஒரு இலட்சம் மயிர் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்து, விழும். நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது வழமை. கடுங்காய்ச்சல் வந்தால் ஏராளமான மயிர்கள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும், மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டும். மார்கழிக் காய்ச்சலுக்குப் பங்குனியில் கொட்டுவது கணக்குக்குச் சரி. இது தானாகவே திரும்பி வளரும். தண்ணீரைக் குற்றம் சொல்ல வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், ஆனால் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலை அது தொடுவதில்லை. காசளவு வட்டமாக உதிரும் புழுவெட்டு வேறு கதை. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் சொந்த நோயெதிர்ப்பே மயிர்க்காலைத் தாக்குகிறது.

அப்பாவின் வழுக்கைக்கு வருவோம். காலை வெளிச்சத்தில் கண்ணாடியை நெருங்கி, நெற்றிப்பொட்டுக்கு மேலே பாருங்கள். வெறுமையாகத் தெரிகிற இடத்தில் மெல்லிய, நிறமற்ற பூனைமயிர்கள் நிற்கும். ஆண்களின் வழுக்கையில் மயிர் பிடுங்கப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் காலம் குறுகி, முந்தியதைவிடச் சிறிய மயிர் முளைக்கிறது. மயிர்க்காலின் அடியில் ஒரு சின்னக் கலக்கூட்டம் இருக்கிறது. அது பெருத்திருந்தால் மயிர் தடிக்கும், சுருங்கினால் மெலியும்.

அதைச் சுருக்குவது டிஎச்டி (டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன்) என்ற ஆண் ஓமோன். முதன்மையான ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோனை ஒரு நொதியம் டிஎச்டியாக மாற்றுகிறது. எனக்குப் படித்து அலுக்காத இடம் இதுதான்: அதே ஓமோன் தாடையில் தாடியைத் தடிக்க வைக்கிறது! ஓமோன் ஒன்று, இரத்தம் ஒன்று. பதில் மட்டும் இடத்துக்கு இடம் வேறு. தாடையின் அடிக்கலங்கள் அதை உணர்ந்ததும் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. வழுக்கைக்கு உரிய உச்சித்தலையின் கலங்களோ வளர்ச்சியை அடக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. பின்னந்தலை இரண்டிலும் சேராது, ஓமோனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தான் பிறந்த இடத்தின் குணத்தை வைத்திருக்கிறது.

மயிர்மாற்றுச் சிகிச்சை நிற்பது அந்தக் குணத்தின் மேல்தான். கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றை நினைத்துப் பாருங்கள். வேர் எந்த மாமரத்தினுடையதாக இருந்தாலும் ஒட்டிய கிளை கறுத்தக்கொழும்பானையே காய்க்கும். பின்னந்தலை மயிர்க்காலை எடுத்து முன்னால் நட்டால் அது பின்னந்தலை மயிராகவே வளரும் என்று நியூயோர்க் தோல் மருத்துவர் நோர்மன் ஒரென்ட்ரைக் 1959 இல் காட்டினார். ஆனால் பின்னந்தலை ஒரு சிறிய தோட்டம், எடுத்தது எடுத்ததுதான். நடாத இடத்தின் பழைய மயிர் தொடர்ந்து மெலியும் என்பதால், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மருந்து தேவைப்படலாம்.

மருந்துகளில் பினாஸ்டெரைட் வந்த வழி அழகானது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பருவத்தில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டெரோனை டிஎச்டியாக மாற்றும் அந்த நொதியம் அவர்களிடம் குறைவு என்று ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி குழுவினர் 1974 இல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகும் அவர்களுக்கு வழுக்கை விழவில்லை, சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்டெரைட் மாத்திரை 1992 இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1997 இல் 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தக் குழு வழுக்கைக்கு மருந்து தேடிப் போகவில்லை. இப்படி ஆர்வத்தால் நடக்கும் ஆராய்ச்சிக்குக் காசு வேண்டும். நம் இலங்கை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது 0.1 வீதத்தை ஒட்டியே. எனக்கு அது பெரிய மனக்குறை.

மாத்திரை இரத்தத்தில் டிஎச்டியைச் சுமார் 70 வீதம் குறைக்கும். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வும் வரலாம். வந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் சலினாஸ் குழந்தைகளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரலாம். அதே காரணத்தால் இரத்ததானம் கொடுக்கப் போனால் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

மினொக்சிடில் 1979 இல் பிரஷர் மாத்திரையாக வந்தது. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் மயிர் முளைக்க, 1988 இல் தலையில் பூசும் மருந்தானது. ஓய்ந்திருக்கும் மயிர்க்காலைச் சீக்கிரம் எழுப்பி, வளர்ச்சிக் காலத்தை நீட்டும். பழைய மயிரைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால் முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். பயந்து அந்த நேரத்தில் நிறுத்திவிடுபவர்கள் பலர். இரண்டு மருந்துமே எடுக்கும் வரைதான் வேலை செய்யும். விட்டால் ஓராண்டுக்குள் கிடைத்தது போய்விடும்.

செவ்வரத்தை, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மயிருக்கு மினுக்கம் தரும். முழுக்கு நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் டிஎச்டியோடு அது எதுவும் செய்வதாகச் சான்று இல்லை. வழுக்கையில் முளைக்க வைக்கும் என்று அதையே போத்தலில் அடைத்து ஆயிரக்கணக்கில் விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

தம்பி, ஆவணி வரை பொறுங்கள், டெங்குவில் கொட்டியது அதற்குள் முளைக்கத் தொடங்கிவிடும். இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆவணியில் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் பூனைமயிர் கூடியிருந்தால், இரண்டு படத்தையும் கொண்டு ஒரு தோல் வைத்தியரிடம் போங்கள்.