விண்வெளியில் திசு அச்சிடுவது எப்படி?

2018 அக்டோபர் 11 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய சோயுஸ் ராக்கெட் சில நிமிடங்களிலேயே கோளாறாகி, அதில் இருந்த இரண்டு வீரர்களும் அவசரமாகத் தரையிறங்கினார்கள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடவே போன ‘ஆர்கன்.ஆட்’ என்ற, உயிருள்ள செல்களைச் சேர்த்துத் திசு அச்சிடும் ரஷ்யக் கருவி விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. டிசம்பர் 3-இல் புறப்பட்ட அடுத்த சோயுஸில் அதே மாதிரி இன்னொன்றை அனுப்பினார்கள். அதை வைத்து ரஷ்ய விண்வெளி வீரர் ஒலெக் கோனனென்கோ மனிதக் குருத்தெலும்புத் துணுக்குகளையும் எலியின் தைராய்டுத் திசுவையும் உருவாக்கினார்.

சரி, செல்களை ஒட்டவைக்க எதற்கு 400 கிலோமீட்டர் மேலே போக வேண்டும்?

திசு அச்சிடும் இயந்திரத்தின் மை என்பது உயிருள்ள செல்களைக் கலந்த ஜெல். கொலாஜன், ஜெலட்டின், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்றவை அந்த ஜெல்லில் இருக்கும். மெல்லிய ஊசிமுனை வழியாக அதை வரிவரியாகப் பிழிந்து, அடுக்கின்மேல் அடுக்காக உருவத்தை எழுப்ப வேண்டும். மொட்டைமாடியில் கூழ் வற்றல் பிழிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரியும். கூழ் நீர்த்துவிட்டால் பிழிந்த வரி நிற்காது, பரவிவிடும். கெட்டியாக்கினால் நிற்கும், ஆனால் பிழியக் கை வலிக்கும். திசுவில் அந்த வலி செல்களுக்கு. கெட்டியான மையை ஊசிமுனையில் தள்ளும்போது உராய்விலேயே செல்கள் செத்துப்போகலாம். பிழைத்தவையும் இறுகிய ஜெல்லுக்குள் நகர்ந்து ஒன்றோடொன்று சேரத் திணறும். போதாக்குறைக்கு, நீர்த்த மையில் செல்கள் மெல்ல அடியில் படிந்துவிடுவதும் உண்டு.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்று நினைப்பவர்கள் பலர். தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதிலுள்ள பொருள்களும் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் எதற்கும் எடை தெரிவதில்லை. அந்த நிலையில் நீர்த்த மையும் பிழிந்த இடத்திலேயே கிடக்கும், பரப்பு இழுவிசை அதைப் பிடித்துக்கொள்ளும். உருவம் சரியாமல் இருக்கக் கெட்டிப்பொருள் சேர்க்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஆர்கன்.ஆட் ஊசியே இல்லாத கருவி. செல்களைச் சிறுசிறு உருண்டைகளாகத் திரட்டி, கடோலினியம் என்ற உலோகம் கலந்த திரவத்தில் விட்டு, சுற்றிலும் காந்தம் வைப்பார்கள். காந்தப்புலம் திரவத்தைத் தன் பக்கம் இழுக்க, செல் உருண்டைகள் புலம் குறைந்த நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு அங்கே கூடி ஒட்டிக்கொள்கின்றன. கடோலினியம் நமக்குப் புதிதல்ல, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் மருந்தில் இருப்பதுதான். சாதாரணக் காந்தங்களை வைத்துத் தரையில் எடையை வென்று உருண்டைகளை மிதக்கவைக்க அது நிறைய வேண்டும், அந்த அளவு செல்களுக்கு நஞ்சு. மேலே கொஞ்சம் போதும்.

அமெரிக்கர்கள் ஊசிமுனை வழியில் போனார்கள். டெக்‌ஷாட், என்ஸ்கிரிப்ட் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இயந்திரம் 2019 ஜூலையில் நிலையத்துக்குப் போனது. பிறகு அதைக் கீழே கொண்டுவந்து மேம்படுத்தி 2022 நவம்பரில் மறுபடி அனுப்பினார்கள். 2023-இல் அதில் மனித முழங்கால் மெனிஸ்கஸ் ஒன்று அச்சானது. மூட்டுக்குள் அதிர்ச்சியைத் தாங்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு அது, விளையாட்டு வீரர்களும் ராணுவத்தினரும் அடிக்கடி கிழித்துக்கொள்வது.

அச்சானதும் வேலை முடிந்துவிடவில்லை. அப்போது கையில் இருப்பது மெனிஸ்கஸ் வடிவ ஜெல்தான். அதை வளர்ப்புப் பெட்டியில் 14 நாள் வைத்து, ஊட்டத் திரவம் கொடுத்து, செல்கள் தங்களுக்குள் இழைகளைப் பின்னி இறுகும்வரை காத்திருந்தார்கள். தன் எடையைத் தானே தாங்கும் பலம் வராவிட்டால் பூமிக்குத் திரும்பும்போது நசுங்கிவிடும். என்னைக் கேட்டால் விண்வெளி தரும் உண்மையான உதவி இந்த அவகாசம்தான். ‘விண்வெளியில் இதயம் அச்சடித்தார்கள்’ என்ற தலைப்புகளில் இது வருவதில்லை. 2024-இல் அதே இயந்திரத்தில் அச்சாகித் திரும்பியதும் இதயத் திசுத் துண்டுதான், துடித்து ரத்தம் இறைக்கும் இதயம் அல்ல.

முழு உறுப்புக்கு இடையூறு வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிவிட்ட செல்லுக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. மெனிஸ்கஸுக்கு ரத்தக்குழாய் குறைவு, அதனால் சமாளித்துவிடலாம். ஈரலுக்கும் இதயத்துக்கும் அப்படி முடியாது. எடையின்மை இங்கே உதவிக்கு வராது, உபத்திரவம்தான். சூடான திரவம் மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் இயற்கையான சுழற்சி அங்கே கிடையாது, பம்ப் வைத்துத்தான் ஊட்டத்தைச் செலுத்த வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான திசுவை 30 நாள் உயிரோடு வைத்திருக்க நாசா நடத்திய போட்டியில் 2021-இல் முதல் இரண்டு பரிசுகளையும் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் ஆய்வகத்தின் இரண்டு அணிகள் வாங்கின. அவர்கள் வளர்த்தது ஈரல் திசு, வளர்த்த இடம் தரையிலுள்ள ஆய்வகம்.

தரையில் இருப்பவர்கள் சும்மா இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஜெலட்டின் குழம்புக்குள் ஊசியை அமிழ்த்திக் கொலாஜனைப் பிழிகிறார்கள். சுற்றியுள்ள குழம்பே உருவத்தைத் தாங்குகிறது. அச்சு முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் குழம்பு உருகி ஓடிவிடும். ராக்கெட் செலவு இல்லாமல் இது நடக்கிறபோது, பூமியில் இருப்பவர்களுக்காக மேலே அச்சடிப்பது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானதே.

பூமியை விட்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. செவ்வாய்க்குப் போகும் வழியில் ஒருவருக்குத் தோல் கிழிந்தால் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப முடியாது. ஜெர்மானியர்கள் அதற்கென்று கையில் பிடித்துக் காயத்தின்மேல் இழுத்து நேரடியாக மையைப் பூசும் சிறு கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மன் விண்வெளி வீரர் மத்தியாஸ் மவுரர் நிலையத்தில் தங்கியிருந்தபோது தன் உடம்பில் ஒரு மறைப்பைப் போர்த்தி, அதன்மேல் கருவியை இழுத்துப் பார்த்தார். அந்தச் சோதனை மையில் உயிருள்ள செல்கள் இல்லை, ஒளிரும் நுண்துகள்கள் மட்டுமே. உண்மையான சிகிச்சையில் அந்த இடத்துக்கு வர வேண்டியவை, காயம்பட்டவரின் உடம்பிலிருந்தே எடுத்த செல்கள்.