கம்பைல்: தொகுத்தலா, பெயர்த்தலா?

திறமூல மென்பொருள் ஒன்றை ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவாமல், அதன் மூல நிரலை, அதாவது மனிதர் எழுதிய நிரல் வரிகளை, இறக்கித் தம் கணினியிலேயே இயங்கும் வடிவுக்குக் கொண்டுவருவதை லினக்ஸ் பயனர்கள் ‘கம்பைல் பண்ணுவது’ என்கிறார்கள். தமிழில் இதற்குத் தொகுத்தல் என்ற சொல் வழங்குகிறது. இவ்வேலையைச் செய்யும் நிரலான கம்பைலரைத் தொகுப்பி, தொகுப்பான், நிரல்பெயர்ப்பி என்றெல்லாம் எழுதுகிறோம்.

கம்பைல் என்ற சொல்லின் இலத்தீன் மூலமான ‘கொம்பிலாரே’ கொள்ளையடித்தலைக் குறித்தது. பிறர் எழுத்தை எடுத்துத் தம் நூலில் சேர்ப்பவரை இச்சொல்லால் இகழ்ந்தனர். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் வரிகளை எடுத்தாண்டதால் ரோமக் கவிஞர் வெர்ஜிலே இப்பழிக்கு ஆளானதாக ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிதோர் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த பின் பழி கழிந்து, திரட்டி நூலாக்குதல் என்ற பொருளே நிலைத்தது.

கணினித் துறையில் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர். யூனிவாக் கணினிக்காக அவர் உருவாக்கி 1952இல் இயங்கிய ஏ-0 என்ற கம்பைலர், காந்த நாடாவில் சேமித்திருந்த துணைநிரல்களைத் தேடியெடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே நிரலாகச் சேர்த்தது. அந்த வேலைக்குத் தொகுத்தல் மிகப் பொருத்தமான சொல். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியின் கம்பைலரோ கணித வாய்பாடுபோல் எழுதப்பட்டதை இயந்திர மொழிக்குப் பெயர்த்தது. வேலை மாறியும் பெயர் மாறவில்லை.

பெயரை மட்டும் பார்த்துத் தமிழாக்கியதன் விளைவுதான் தொகுப்பி. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி என்ற கம்பைலர், முதலில் குனூ சி கம்பைலர் என்றும், வேறு நிரல்மொழிகளையும் ஏற்ற பிறகு குனூ கம்பைலர் கலெக்‌ஷன் என்றும் பெயர் பெற்றது. இதை நம் வழக்கப்படி எழுதினால் ‘குனூ தொகுப்பித் தொகுப்பு’ என்று வரும்; இதைச் சிரிக்காமல் வாசிப்பது கடினம்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் மரபு முன்பே அறிந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் முதனூலிலிருந்து (மூல நூலிலிருந்து) அதன் வழிவந்த வழிநூல் பிறக்கும் வகைகளைச் சொல்லும்போது, தொகுத்தலை ஒரு வகையாகவும் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ (மொழிபெயர்த்து முறைப்பட அமைத்தல்) என்பதை வேறொரு வகையாகவும் பிரிக்கிறது. மூல நிரலை முதனூலாகக் கொண்டால், இன்றைய கம்பைலர் செய்வது இரண்டாவது வகையே. யாத்தல் என்றால் கட்டுதல். பெயர்க்கப்பட்ட துண்டுகளையும், ஆயத்த நிரல்களின் திரட்டுகளான நூலகங்களையும் லிங்கர் என்ற நிரல் ஒன்றாகப் பிணைப்பது இந்த யாத்தலுக்கு வியக்கத்தக்க அளவில் ஒத்துவருகிறது.

ஆகவே கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி என்பதையும், மூல நிரலில் தொடங்கி இயங்கும் கோப்பு கிடைக்கும் வரையிலான முழு வேலைக்கு ‘மூலத்திலிருந்து கட்டுதல்’ என்பதையும் பரிந்துரைக்கிறேன். ‘கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்று பலருக்கு மனப்பாடமான மூன்று கட்டளைகளில் முதலாவது, தேவையான நூலகங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. இரண்டாவது, நிரல்பெயர்ப்பியையும் லிங்கரையும் உரிய வரிசையில் அழைக்கிறது. மூன்றாவதையும் சேர்த்துக் கம்பைல் என்றே சொல்வோர் உண்டு. அது பெரும்பாலும் முடிந்த கோப்புகளை உரிய அடைவுகளில் (ஃபோல்டர்களில்) கொண்டுபோய் வைக்கும் வேலையாதலால், அதற்கு நிறுவுதல் என்ற பழகிய சொல்லே போதும்.