கடலில் ஏது களை?

'புதிய சிவப்புக் கடற்களை கண்டுபிடிப்பு.' இந்தத் தலைப்பை முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டு நகர்ந்தேன், மறுபடி மறுபடி கண்ணில் பட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

தலைப்பு சொல்வது கடலில் வளரும் சிவப்புப் பாசியை. இந்தப் பாசிக் கூட்டத்துக்கு அறிவியல் பெயர் ரோடோஃபைட்டா. கிரேக்கத்தில் ரோடோன் என்றால் ரோஜா, ஃபைட்டோன் என்றால் தாவரம். தமிழில் செம்பாசி. அவ்வளவுதான், இதில் குழப்பமே இல்லை.

களை எங்கிருந்து வந்தது? ஆங்கிலக்காரர்கள் கடலில் முளைத்ததையும் களை என்றார்கள் (சீவீட், சீ என்றால் கடல், வீட் என்றால் களை), நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து அப்படியே இறக்கிவிட்டார். தமிழில் களை என்பது பயிரின் சத்தைத் திருடுவது, வேரோடு பிடுங்கி எறிய வேண்டியது. செம்பாசிக்கு வேரே கிடையாது, பாறையைக் கவ்விக்கொள்ள அடியில் ஒரு பற்றுறுப்பு, அவ்வளவே. அதையே வளர்த்து, அறுவடை செய்து, அகார் என்கிற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். பயிரைப் போய்க் களை என்பதா? (முகத்தில் களை இருக்கிறது என்கிற பொருளில் சொன்னார்களோ என்னவோ.)

சரி, இதற்குத் தூய தமிழ் அன்பர்கள் ஒரு ஆட்சேபம் வைத்திருக்கிறார்கள்: பாசி என்பதே பசுமையோடு உறவுள்ள சொல், 'செம்பாசி' என்றால் சிவந்த பச்சை, முரண் அல்லவா என்று. எள்ளின் நெய்தான் எண்ணெய், அப்புறம் தேங்காய் எண்ணெய் எப்படி வந்ததாம்? சொல் வேரிலிருந்து நகர்ந்து பல காலம் ஆகிவிட்டது. போதாததற்கு இயற்கையே நம் பக்கம். செம்பாசிக்குள்ளும் பச்சையம் உண்டு, ஃபைக்கோஎரித்ரின் என்கிற நிறமி அதை மறைத்திருக்கிறது. கரையில் ஒதுங்கி வெயிலில் கிடந்தால் சிவப்பு போய்ப் பச்சை எட்டிப்பார்க்கும்.

'கண்டுபிடிப்பு' என்பதும் அரைகுறைதான். ஊதா, கருப்பு என்று பல நிறத்தில் செம்பாசிகள் உண்டு, கண்ணை நம்ப முடியாது. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்து, மரபணு வரிசையையும் ஒப்பிட்டு, தெரிந்த சிற்றினம் எதனோடாவது பொருந்தினால் அது இனங்காணல். எதனோடும் பொருந்தாமல், எந்தப் பேரினத்தில் வைப்பது என்று முடிவெடுத்துப் பெயர் சூட்டினால்தான் புதிய சிற்றினம். மாதிரி பல வருடம் தாளில் ஒட்டி அலமாரியில் கிடந்ததாகக்கூட இருக்கலாம்.

கடைசியாகப் பார்த்த செய்தியில் படமும் இருந்தது, பச்சைப் பசேலென்று. படத்தை மாற்றிப் போட்டார்களா, வெயிலில் வெளுத்ததா என்று இன்னும் புரியவில்லை.