வாட்டம் பார்த்து வடித்த நாடு: அயோவாவின் கல்ஹூன் கவுண்டி

"அயோவாவின் மக்காச்சோள நிலமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்தது என்று படித்தேன். மேசை மாதிரி தட்டையான ஊரில், மோட்டாரும் இல்லாத காலத்தில், தண்ணீரை எப்படி வெளியேற்றினார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் தரைக்கு நான்கடி கீழே புதைந்த குழாயில் இருக்கிறது. அயோவா என்ற அமெரிக்க மாநிலம் முழுவதையும் பேசினால் கட்டுரை நீண்டுவிடும். அதனால் வடமேற்கை ஒட்டிய கல்ஹூன் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வரைபடத்தில் கல்ஹூன் கிட்டத்தட்ட ஒரு முழுச் சதுரம், பக்கத்துக்கு 24 மைல். அமெரிக்கக் காங்கிரஸ் 1785-இல் கொண்டுவந்த நில அளவைச் சட்டத்தின் அச்சு அது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். செக்‌ஷனில் கால் பங்கான 160 ஏக்கர்தான் ஒரு குடும்பத்தின் பண்ணை என்று கணக்கு. கல்ஹூனில் நாலுக்கு நாலாகப் பதினாறு டவுன்ஷிப்கள். பூமி உருண்டை என்பதால் தீர்க்கக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும், சதுரம் சதுரமாக வராது. அந்தப் பிசகையெல்லாம் ஒவ்வொரு டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிட்டார்கள். ஏரி, ஓடை, மேடு எதையும் அந்தக் கோடு மதிக்கவில்லை. பின்னால் அண்டைக்காரர்களுக்குள் வந்த வடிகால் தகராறுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

1851-இல் ஃபாக்ஸ் என்ற பெயரில் பிறந்த கவுண்டி இது. 1853-இல், துணை அதிபராக இருந்த ஜான் சி. கல்ஹூனின் பெயருக்கு மாறியது. தலைநகர் ராக்வெல் சிட்டி. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

நிலத்தின் கதையில் முதல் அத்தியாயம் கண்ணுக்கே தெரியாது. ஏறத்தாழ 7.4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் இங்கே விழுந்தது. அது தோண்டிய பள்ளத்தின் குறுக்களவு 35 கி.மீ.-க்குக் குறையாது, கவுண்டியின் ஒரு பக்க நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேன்சன் ஊருக்கு அருகே அதன் நடு இருக்கிறது. ஆனால் அங்கே போய் நின்று பார்த்தால் சோளக்கொல்லைதான். பின்னால் வந்த பனியாறுகள் பள்ளத்தை மேவி, மேலே பல பத்து மீட்டர் களிமண்ணைப் பூசிவிட்டன. காட்டிக்கொடுத்தது கிணறு. சுற்றுவட்டாரமெல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர் வர, மேன்சனில் மட்டும் மென்னீர் வந்தது. மோதலின் அதிர்வில் ஆழத்திலிருந்து எம்பி நின்ற படிகப் பாறையில் அந்த ஊர்க் கிணறுகள் ஊறுகின்றன. 1980-களின் இறுதியில் டைனோசர்களைக் கொன்ற கல் இதுதானோ என்ற பரபரப்பு எழுந்தது. 1991-92-இல் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகள், அதற்கு 80 லட்சம் ஆண்டுகள் முந்தியது என்று காட்டிவிட்டன.

நமக்கு வேண்டியது இரண்டாம் அத்தியாயம். கடைசிப் பனிக்காலத்தில், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலிருந்து ஒரு பனி நாக்கு மாநிலத் தலைநகரான இன்றைய டெ மொய்ன் வரை நீண்டது. அது உருகிப் பின்வாங்கியபோது அரைத்த களியும் மணலும் கூழாங்கல்லும் கலந்த கலவையை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் போயிற்று. ஓடைகள் அரித்து வாய்க்கால் போட இன்னும் நேரம் போதவில்லை. ஆகவே மழைநீர் போக வழியில்லாத ஆயிரக்கணக்கான குழிகள். மேட்டில் ஆளுயரப் புல், குழியில் கோரை. நீரில் காற்றில்லாமல் மட்காது கிடந்த வேர்கள் மண்ணைக் கரியாகக் கறுக்கவைத்தன. உலகத்தின் வளமான மண்களில் ஒன்று அப்படித்தான் உருவானது. உழத்தான் முடியாது.

டகோட்டா முதலான பூர்வகுடி மக்களின் நிலத்தை வரிசையான ஒப்பந்தங்களில் பறித்துக்கொண்ட பின் வந்த வெள்ளைக் குடியேறிகள், ஈர நிலத்தை விட்டு ஒதுங்கித்தான் குடியேறினார்கள். விறகும் இயற்கைச் சரிவும் இருந்த தென்மேற்கு ரக்கூன் ஆற்றோரம் லேக் சிட்டி முதலில் எழுந்தது. 1870 வாக்கில் இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை வடக்கு ஓரமாக வந்த பிறகுதான் மேன்சன், பொமராய் போன்ற ஊர்கள். 1850 சதுப்புநிலச் சட்டப்படி மத்திய அரசு இந்த ஈரநிலங்களை மாநிலத்துக்குக் கொடுத்தது. மாநிலம் கவுண்டிகளுக்குத் தள்ளிவிட்டது. யாருக்கும் வேண்டாத சரக்கு.

இப்போது குழாய்க்கு வருவோம்.

அங்கே அதற்குப் பெயர் 'டைல்'. நாம் தரையில் ஒட்டும் டைல் அல்ல. ஓரடி நீளமுள்ள, சுட்ட களிமண் குழல். நான்கு அல்லது ஐந்து அங்குல விட்டம். மூன்று முதல் நான்கடி ஆழத்தில் குறுகிய அகழி வெட்டி, இந்தக் குழல்களை முனையோடு முனை முட்டி அடுக்கி, மண்ணைத் தள்ளி மூட வேண்டியதுதான். ஒட்டுப்போடுவதில்லை. களிமண்ணின் நுண்துளை வழியே நீர் கசிந்து உள்ளே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. நன்றாகச் சுட்ட குழல் கிட்டத்தட்ட நீர் புகாதது. இரண்டு குழல்கள் முட்டும் இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு இடுக்கு இருக்கிறதே, சுமார் எட்டில் ஒரு அங்குலம், நீர் நுழைவது அது வழியாகத்தான். இடுக்கு பெரிதானால் மண்ணும் நுழையும், இல்லாமலே போனால் எதுவும் நுழையாது. 1970-களுக்குப் பிறகு வந்த நெளி பிளாஸ்டிக் குழாயில் இதே வேலையைச் சிறு கீறல்கள் செய்கின்றன.

இதில் அழகான விஷயம், அந்தக் குழாய் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதே இல்லை என்பது. துவைத்த வேட்டியைப் பிழியாமல் கொடியில் போடுங்கள். சொட்டச் சொட்ட வடியும். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுவிடும். ஆனால் வேட்டி காயவில்லை, ஈரமாகத்தான் இருக்கிறது. கீழ்க்கரையில் ஈரம் இன்னும் கனத்துத் தொங்கும். நூலிடுக்குகளின் நுண்புழை ஈர்ப்பு, புவியீர்ப்பை எதிர்த்து அந்த நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மண்ணும் அப்படியே. பெரிய துளைகளில் உள்ள நீர் புவியீர்ப்புக்கு இணங்கும், சிறிய துளைகளில் உள்ளது இணங்காது. குழாய்க்குள் இருப்பது வெறும் காற்று, வளிமண்டல அழுத்தம். சிறு துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் அதைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நீர் ஏன் போக வேண்டும்? மண் முழுக்க நிரம்பி, நிலத்தடி நீர்மட்டம் குழாயைத் தாண்டி எழுந்தால் மட்டுமே அழுத்தம் புரளும், நீர் இடுக்கு வழியே உள்ளே வரும். மட்டம் குழாய்க்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். பயிருக்கு வேண்டிய ஈரம் மண்ணிலேயே இருக்கும், வேரை மூச்சுத்திணற வைக்கும் உபரி மட்டும் போகும். வால்வு இல்லை, மிதவை இல்லை, ஆள் இல்லை.

அந்த உபரி எவ்வளவு? இந்த வகைக் களிக்கலப்பு மண்ணில் ஒரு கன அடியில் வடியக்கூடிய நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான். அதாவது அரை அங்குல நீரை எடுத்தாலே நீர்மட்டம் பத்து அங்குலம் இறங்கிவிடும். இன்றைய வடிவமைப்பில் நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை இழுக்கும்படி குழாய் அளவைத் தேர்கிறார்கள். ஏக்கருக்கு நாளுக்கு 51,000 லிட்டர் என்பது மேல்வரம்பு.

இரண்டு குழாய்களுக்கு நடுவே நீர்மட்டம் வில்போல் வளைந்து நிற்கும். குழாய்க்கு நேர்மேலே தாழ்ந்தும், நடுவில் உயர்ந்தும். நடுப்புள்ளியில் உள்ள சோளச்செடிதான் கடைசியாக மூச்சுவிடும். 1940-இல் ஹூக்கௌட் என்ற டச்சு அறிவியலாளர் தந்த சமன்பாட்டின்படி, வடியும் வேகம் இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால், மற்றவை மாறாதிருந்தால், நாலு மடங்கு வேகம். செலவு இரண்டு மடங்குதான். ஆனால் அந்த இரண்டு மடங்கே பெரிது. 80 அடி இடைவெளியில் 160 ஏக்கருக்கு 87,000 அடி குழாய், ஏறக்குறைய 26 கி.மீ. ஓரடிக் குழல்களாக எண்ணினால் 87,000 குழல்கள், ஒவ்வொன்றையும் கையால் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அகழியும் மண்வெட்டிதான். 1890-களில் ஒஹாயோவில் பிறந்த நீராவி அகழி இயந்திரம் பிறகுதான் பரவியது.

வடிகாலின் பலன் தண்ணீர் குறைவது மட்டுமில்லை. ஈரமண் சூடேற நேரமெடுக்கும். மக்காச்சோளம் முளைக்க மண் 10 டிகிரி செல்சியஸாவது வர வேண்டும். வடிந்த நிலம் ஏப்ரல் கடைசியிலேயே தயார். முளைத்த பின்னும் ஆறு இலை விடும்வரை சோளத்தின் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முதல் நான்கு நாள் நீர் தேங்கினால் செடி போய்விடும். வேடிக்கை என்னவென்றால், வடிந்த நிலத்தில் வேர் ஆழமாக இறங்குவதால் ஜூலை வறட்சியையும் அதே செடிதான் தாங்குகிறது.

இனி வாட்டம். நம் கொத்தனார் குளியலறைத் தரைக்குக் கொடுப்பாரே, அதே வாட்டம். இங்கே குறைந்தபட்சம் நூறு அடிக்கு 1.2 அங்குலம். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் 160 ஏக்கர்ச் சதுரத்தின் ஒரு பக்கம் அரை மைல், 2,640 அடி. அந்தத் தூரத்துக்குக் குழாய் 2 அடி 8 அங்குலம் இறங்க வேண்டும். தட்டை நிலத்தில் கடைமுனை நாலடி ஆழம் என்றால் தலைமுனை ஒன்றரை அடிகூட இல்லை, கலப்பை தட்டிவிடும். தலையிலும் மூன்றடி வேண்டுமானால் கடையில் ஐந்தரை, ஆறடி. அதைக் கொட்ட இன்னும் ஆழமான கால்வாய். அந்தக் கால்வாயோ பக்கத்து நிலம், அதற்கடுத்த நிலம் என்று பல மைல் போனால்தான் ஓடையைத் தொடும். தனி ஆளால் முடியாது. ஒரு அண்டைக்காரர் மறுத்தால் முழு ஊரும் நனைந்தே கிடக்கும்.

அதனால்தான் அயோவா மக்கள் 1908-இல் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, வடிகால் வட்டாரங்கள் அமைக்க வழிசெய்தார்கள். கவுண்டி மேற்பார்வையாளர் குழு பொதுக் கால்வாயும் முதன்மைக் குழாயும் போடும். செலவு ஏக்கர் கணக்கில் சமமாக இல்லை, பலன் கணக்கில். அதிகம் பயன்பெறும் ஈரநிலத்துக்கு நூறு மதிப்பெண், மேட்டுநிலத்துக்கு அதில் பத்தோ இருபதோ. நூறடிக்கு ஓர் அங்குலச் சொச்சம் என்ற எண் ஒரு மாநிலத்தின் அரசியல் சட்டம் வரை போயிருக்கிறது.

பழுதுகளும் அந்த எண்ணைச் சுற்றியே வருகின்றன. அகழித் தரையில் ஓரிடம் தொய்ந்தால் வண்டல் அங்கே தங்கி, சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். வில்லோ, காட்டன்வுட் மர வேர்கள் இடுக்கைத் தேடி நுழைந்து குதிரைவால்போல் வளரும். ஒரு குழல் நொறுங்கினால் மேல்மண் உள்ளே இறங்கி, வயலில் டிராக்டர் சக்கரம் விழும் அளவு குழி திறக்கும். கடைமுனையில் கம்பிவலை இல்லாவிட்டால் எலிவகைகள் குடியேறும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நூறாண்டுக்கு முன் நாளுக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் போட்ட முதன்மைக் குழாயில், இன்று அரை அங்குலக் கணக்குப் பண்ணைகள் பலவும் வந்து இணைவது. மழைநாளில் குழாய் நிரம்பி, தாழ்ந்த குழியில் இருப்பவரின் வயலில் நீர் எதிர்த்து வரும்.

பழுது பார்க்கக் குழாய் எங்கே என்று தெரிய வேண்டுமே. பழைய வரைபடங்கள் பல தொலைந்துவிட்டன. வளைத்த இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்து நடந்து 'நீரோட்டம்' பார்ப்பவர்கள் அங்கும் உண்டு, அடித்துச் சத்தியம் செய்வார்கள். 80 அடிக்கொரு குழாய் இணையாக ஓடும் நிலத்தில், தாழ்வான இடமும் கடைமுனையும் தெரிந்த ஆளின் கை தானே திரும்புவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கட்டிய கண்ணோடு சோதித்தால் கம்பி ஊமையாகிவிடும். கம்பியைவிட நம்பகமானது, வசந்தத்தில் நல்ல மழைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து மேலிருந்து எடுத்த படம். குழாய்க்கு மேலுள்ள மண் முதலில் காய்ந்து வெளிறும், வயல் முழுதும் எலும்புக்கூடு போலக் கோடுகள் தெரியும். பிறகு இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தால் போதும்.

வடித்ததற்கு ஒரு விலை இருக்கிறது. நீர் போன இடத்தில் காற்று புகுந்தது. ஆயிரமாயிரம் ஆண்டு மட்காமல் கிடந்த கறுப்பை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கின. அதிலிருந்தும், போடும் உரத்திலிருந்தும் வரும் நைட்ரேட் எதிர்மின்சுமை உடையது. களித்துகளும் எதிர்மின்சுமை உடையது, ஆகவே பிடித்துவைக்காது. நீரோடு நேரே குழாய்க்குள் போய், ரக்கூன் ஆறு வழியே டெ மொய்ன் நகரக் குடிநீருக்கு. குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். 2015-இல் நகரக் குடிநீர் வாரியம் கல்ஹூன், சாக், பியூனா விஸ்டா கவுண்டிகளின் வடிகால் வட்டாரங்கள் மீது வழக்குப் போட்டது. 2017-இல் அது தள்ளுபடியானது. அதே ஆண்டு, நீடித்த வேளாண்மையை ஆராய 1987-இல் தொடங்கிய லியோபோல்ட் மையத்துக்கான மாநில நிதியைச் சட்டமன்றம் நிறுத்தியது. 2023-இல் ஆறுகளில் நைட்ரேட் அளக்கும் பல்கலைக்கழக உணர்கருவி வலைப்பின்னலுக்கான பணத்திலும் கைவைத்தது. வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடும் என்ற கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

தொழில்நுட்பம் இல்லாமலில்லை. குழாயின் கடைமுனையில் மரச்சில்லுகள் நிரப்பிய ஒரு தொட்டியை மண்ணுக்குள் புதைக்கிறார்கள், சுமார் நூறடி நீளம். நீர் அதனூடே மெல்லப் போகும்போது, ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் மரத்தைத் தின்று, மூச்சுக்கு நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜன் வாயு, காற்றிலேயே இருப்பது. ஆண்டுச் சராசரியில் நைட்ரேட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போகும். சில்லுகள் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கும். நீரை அதிகநேரம் நிறுத்தினால் நைட்ரேட் தீர்ந்து சல்பேட்டில் கைவைத்து அழுகிய முட்டை வாடை வரும். வேகமாக விட்டால் நைட்ரேட் தப்பிவிடும். அதைவிடக் கொடுமை பருவம். குழாய்கள் நிரம்பி ஓடுவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, அப்போது நீர் குளிர்ந்திருப்பதால் பாக்டீரியாக்கள் மந்தம். அவை சுறுசுறுப்பாகும் ஆகஸ்டில் குழாய் காய்ந்து கிடக்கிறது.