வேஸ்ட் ஆயில் டிரம்முக்குள் என்ன இருக்கிறது?

வாகனப் பணிமனைகள் கழிவு விதிகளின்படி நடக்கின்றனவா என்று தணிக்கை செய்வது என் வேலை. போய் உட்கார்ந்ததும் பதிவேட்டைத்தான் நீட்டுவார்கள். நான் முதலில் கேட்பது வேஸ்ட் ஆயில் டிரம் எங்கே என்று. அதன்மேல் பெயர் எழுதியிருக்கிறதா, மூடி இருக்கிறதா, பக்கத்தில் என்னென்ன காலி டப்பாக்கள் கிடக்கின்றன? இவற்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பணிமனையில் பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. தேதி, லிட்டர் கணக்கு, எடுத்துச் சென்றவரின் உரிம எண், கையெழுத்து, எதிலும் குறையில்லை. டிரம்மின் மூடியைத் திறந்ததும் ரசாயன நெடி அடித்தது. விசாரித்தால், பிரேக் பாகங்களைக் கழுவிய கிளீனரும் ரேடியேட்டரிலிருந்து இறக்கிய கூலன்ட்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அதே புனல் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஊற்றிய பையனை நான் குறை சொல்ல மாட்டேன். "வேஸ்ட்டை இதுல ஊத்து" என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இதில் என்ன பெரிய தப்பு என்று பலரும் கேட்கிறார்கள். பழைய என்ஜின் ஆயில் தனியாக இருந்தால், நீரையும் கரியையும் பிரித்தெடுத்து அதை மறுபடியும் அடிப்படை எண்ணெயாக, அதாவது புது ஆயில் தயாரிக்க உதவும் மூல எண்ணெயாக, மாற்ற முடியும். குளோரின் கலந்த கிளீனர் சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. சூடாக்கும்போது அமிலம் உருவாகி, சுத்திகரிக்கும் ஆலையின் குழாய்களை அரிக்கும். சரியான வெப்பநிலை இல்லாமல் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகலாம். அதனால்தான் அமெரிக்க விதிகளில், பழைய ஆயிலில் குளோரின் வகைப் பொருட்கள் 1,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) தாண்டினால் அதில் அபாயக் கழிவு கலந்திருப்பதாகவே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். கலக்கவில்லை என்று நிரூபிப்பது டிரம்மின் சொந்தக்காரர் பொறுப்பு.

கூலன்ட்டுக்கும் தனி டிரம் வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; தரையில் தேங்கினால் நாய், பூனை நக்கிவிட்டுச் செத்துப்போகும். ஆயில் பில்டரைக் கழற்றியதும் குப்பையில் போடாதீர்கள். சூடாக இருக்கும்போதே துளையிட்டுக் கவிழ்த்து, இரவு முழுக்க வடியவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் இரும்புதான். ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது. பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது.

பேட்டரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. செனகல் நாட்டின் தியாரோய் சுர் மேர் பகுதியில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்தின் மண்ணை மக்கள் சலித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். அதிக விலை தருகிறார் என்று உரிமம் இல்லாதவரிடம் பேட்டரியைக் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். அமிலத்தை வெளியே ஊற்றிவிட்டு 'காலி பேட்டரி'யாக விற்பதும் கூடாது. கசிவைத் தாங்கும் தட்டின்மேல், கூரைக்குக் கீழே நிமிர்த்தி வைத்திருந்து, முழுசாகவே அனுப்ப வேண்டும்.

சரி, டிரம்மில் ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால்? அதில் இனி ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். டிரம்மை மூடிவிட்டு, 'கலந்த கழிவு' என்று பெரிதாக எழுதி, என்னென்ன கலந்தது, எப்போதிலிருந்து என்று தெரிந்த மட்டும் குறித்து வையுங்கள். எடுத்துச் செல்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். செலவு கூடும், உண்மைதான். ஆனால் சொல்லாமல் அனுப்பினால், வழியில் பத்துப் பணிமனைகள் பிரித்து வைத்த நல்ல ஆயிலோடு அதுவும் ஒரே டேங்கரில் ஏறிவிடும். அந்த டேங்கர் முழுவதும் கெட்டுப்போகும். நான் முதலில் சொன்ன அந்தப் பணிமனைக்காரர் அன்றைக்கே டிரம்மைத் தனியாக நகர்த்தி, புதிதாக மூன்று புனல்கள் வாங்கி, எது எதற்கு என்று பையனையே எழுதி ஒட்டச் சொன்னார்.